நாலாவது வீட்டுக்காரர்

"நாங்க வந்தப்போ இங்க ஒண்ணுமே இல்ல."

இந்த ஐந்து சொற்களை யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? சொல்லாமல் இருந்திருக்க முடியாது. நகரத்தின் ஓரத்தில் நாலு தெருவும் ஒரு பஸ் நிறுத்தமும் சேர்ந்துவிட்டால் போதும், இதைச் சொல்வதற்கென்றே அங்கே ஒருவர் முளைத்துவிடுவார். முளைத்துவிடுவார் என்று நான் எழுதியது தெரிந்தால் கோபித்துக்கொள்வார். மற்றவர்கள்தான் முளைத்தவர்கள், அவர் இருந்தவர். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் முன்வந்தவர். உதவிக்கு முன்வந்தவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர், அவ்வளவுதான். அவருடைய படிப்பு, பதவி, பரம்பரை எல்லாம் அது ஒன்றுதான்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கண் முன்னால் இருப்பது அவருக்குத் தெரியாது. இல்லாமல் போனது மட்டும் பளிச்சென்று தெரியும். மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டு "இதுதான் குட்டை" என்பார். மூன்று மாடிப் பள்ளிக்கூடத்தைக் காட்டி "இந்த இடத்துல ஒரு நரி பார்த்தேன்" என்பார். பள்ளிக்கூடத்தில் படிக்கும் நானூறு பிள்ளைகளை அவர் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு முறை பார்த்த நரியை மறக்கவே இல்லை. தப்பித் தவறிக்கூட அவரிடம் வழி கேட்டுவிடாதீர்கள். பல் ஆஸ்பத்திரிக்குப் பொட்டலம் கொண்டுவந்த கூரியர்காரர் ஒருவர் கேட்டார். "நேராப் போய் செங்கல் சூளையில இடது பக்கம் திரும்பி, பட்டுப்போன பெரிய மரத்தைத் தாண்டினதும்" என்று தொடங்கி ஐந்து நிமிஷம் வழி சொல்லி அனுப்பினார். சூளை மூடி முப்பது வருஷம் ஆகிறது. மரம் விழுந்து இருபத்தெட்டு. அந்த மனிதர் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு தெருத் தெருவாக சூளையைத் தேடிவிட்டு, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். பல் ஆஸ்பத்திரி வழி சொன்னவரின் முதுகுக்குப் பின்னால், இரண்டு வீடு தள்ளி இருந்தது.

இப்படிப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் நீங்கள் வேறு யாரையோ நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் தெருவில் இருப்பவரைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

நான் சொல்லப்போவது நடந்தபோது, நான் இந்தத் தெருவுக்கு வந்து பதினோரு வருஷமாகியிருந்தது. அவர் வந்து நாற்பத்தொன்று. ஆகவே நான் நேற்று வந்தவன். இங்கே முதலில் எழும்பிய நாலு வீடுகளில் நாலாவது அவருடையது என்பதால் ஊரே அவரை நாலாவது வீட்டுக்காரர் என்கிறது. நாலாவதாக வந்தவருக்கு இவ்வளவு பெருமையா என்று கேட்கலாம். முதல் வீடு பல் ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. இரண்டாவது வீட்டில் டியூஷன் நடக்கிறது. மூன்றாவது பூட்டிக் கிடந்தது. வரிசையில் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் கலைந்துபோனால் நாலாவது ஆள் முதல் ஆள்தானே?

எடை அளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், இல்லாவிட்டால் கடைக்காரர் வயிற்றைக் கலக்குவதுமாக முப்பத்து மூன்று வருஷம். நேர்மையானவர்; அரை கிராம் குறைந்தாலும் விடமாட்டார். ஓய்வுக்குப் பிறகு எடை போட மனிதர்கள்தான் மிச்சம். புதிதாக யாரைப் பார்த்தாலும், பேர் கேட்பதற்கு முன், என்ன வேலை என்று கேட்பதற்கு முன், "எந்த வருஷம் வந்தீங்க?" என்பார். பதில் வந்ததும் மனதுக்குள் ஒரு முள் ஆடி நிற்கும். குழாய்க்கு முன் வந்தவர்கள் என்றால் நாற்காலி போடுவார். குழாய்க்குப் பின், பஸ்ஸுக்கு முன் என்றால் நின்றபடி பேசுவார். பஸ்ஸுக்குப் பின் வந்தவர்களிடம் நடந்தபடியே பேசுவார். நான் பஸ்ஸுக்கும் பின், கேபிளுக்கும் பின். அவருடன் பேசவேண்டுமானால் நான் கொஞ்சம் ஓடவேண்டியிருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழாயையும் பஸ்ஸையும் கொண்டுவந்தவரே அவர்தான். தெருவிளக்கு வேண்டும் என்று மனு, சாலை வேண்டும் என்று மனு, தண்ணீர், தபால் பெட்டி, பள்ளிக்கூடம், ஒன்பதாம் நம்பர் பஸ் என்று வருஷத்துக்கு ஒரு மனு எழுதி, சனிக்கிழமை தோறும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, பேனா தீர்ந்து, செருப்புத் தேய்ந்து, கேட்டதையெல்லாம் வாங்கிவிட்டார். எல்லாம் வந்தது. கூடவே ஜனங்களும் வந்தார்கள். பஸ் கேட்ட மனிதர், பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்குவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

"நாலு வீடு, பதினேழு பேர்" என்பார். நகராட்சியின் கடைசிக் கணக்குப்படி இப்போது முப்பத்தோராயிரம். இந்த இரண்டு எண்களையும் அவர் சொல்லும் குரல், வீட்டில் ஒருவருக்கு ஜுரம் ஏறிக்கொண்டே போவதைச் சொல்லும் குரல். முதல் பத்து வருஷத்தில் அரசாங்க வேலைக்காரர்கள் மனையும் கையுமாக வந்தார்கள். அடுத்த பத்தில் பள்ளிக்கூடத்துக்காகப் பிள்ளைகுட்டிக்காரர்கள் வந்தார்கள். அதற்கடுத்த பத்தில் அந்தப் பிள்ளைகள் படித்து முடித்து, விமானம் ஏறி, வீடுகளைப் பூட்டுக்கும் வாடகைக்கும் விட்டுப் போனார்கள். பெரிய ஆஸ்பத்திரி வந்தபோது அந்த வீடுகளுக்கு நர்சுகள் வந்தார்கள், ஆபீஸ் கட்டடங்கள் வந்தபோது கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளசுகள் வந்தார்கள், அவர்களுக்கு வீடு கட்ட வேறு பாஷை பேசும் கொத்தனார்கள் வந்தார்கள், கொத்தனார்களுக்குச் சாப்பாடு போட இன்னும் யாரோ வந்தார்கள். காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றால் ஐந்து பாஷை காதில் விழும். நாலாவது வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொள்வார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தையும் எண்ணிவிட்டு வருவார்.

அவருடைய ஒரே மகன் ஊரைவிட்டுப் போய் பத்தொன்பது வருஷம். அவன் ஊர்க்காரன். எதிர் விடுதியில் இருக்கும் நர்ஸ் ஒன்பது வருஷமாக வாரத்துக்கு இரண்டு முறை வந்து அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறாள். அவள் வெளியூர்ப் பெண்.

இப்படியே போயிருக்கும். மூன்றாவது வீடு விலைபோனதில்தான் ஆரம்பித்தது வினை.

அந்த வீடு ஒரு தாவரவியல் வாத்தியாருடையது. அவரும் மனைவியும் மகளோடு வெளிநாடு போய் ஏழு வருஷம். மகள் வீட்டை ஒரு பில்டருக்கு விற்றுவிட்டாள். ஒரு நாள் காலையில் காம்பவுண்ட் சுவரில் ஒரு பலகை தொங்கியது: பன்னிரண்டு குடியிருப்புகள், நாலு மாடி, லிஃப்ட், கீழே வண்டி நிறுத்தும் இடம். நாலாவது வீட்டுக்காரர் அந்தப் பலகைக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். பிறகு வீட்டுக்குள் போய், பத்து வருஷமாக மூடி வைத்திருந்த பேனாவில் மை ஊற்றினார்.

மனு நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் படித்தே காட்டினார். ‘இப்பகுதியின் ஆதிமுதல் குடியிருப்பாளர்களாகிய நாங்கள் நாற்பத்தோரு ஆண்டுகளாக இங்கே அமைதியாக வாழ்ந்து வருகிறோம்’ என்று தொடங்கி, வெளியாட்கள் பெருமளவில் வந்து குடியேறினால் தண்ணீரும் வழியும் அமைதியும் போய்விடும் என்று இரண்டு பக்கம் ஓடியது. கையெழுத்து வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எதற்கு நான் என்று கேட்டேன். கேபிளுக்குப் பின் வந்தவர்களின் ஆதரவும் இருக்கிறது என்று காட்டவேண்டுமாம்.

நான் கையெழுத்துப் போட்டேன். அதை மறைக்க மாட்டேன். நாலு மாடி எழும்பினால் என் மொட்டை மாடியில் துணி காயாது. ஊரின் அமைதி பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. ஈரத் துணி பற்றி இருந்தது.

முதல் வீட்டில் பல் டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். எங்கள் எண் ஆறு. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன் அந்த வீட்டில் கதவைத் தட்டாமல் உள்ளே போவேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது ஐந்தாம் எண்காரர் தாடையைப் பிடித்தபடி வெளியே வந்தார். டாக்டர் மனுவைப் பொறுமையாகப் படித்தார். பன்னிரண்டு குடும்பம் என்றால் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டார். எப்படியும் நாற்பத்தெட்டு பேர் என்றார் நம்மவர், பயமுறுத்தும் குரலில். டாக்டரின் உதடு லேசாக அசைந்தது. ஆளுக்கு முப்பத்திரண்டு என்று பெருக்கிக்கொண்டிருந்தார் என்பது என் ஊகம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். டியூஷன் வாத்தியார் யோசிக்கக்கூட இல்லை. வருகிறவர்களுக்கு எட்டாவது ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் இருக்குமா என்று மட்டும் விசாரித்தார்.

நாலு தெரு சுற்றி ஏழு கையெழுத்து தேறியது. நர்சுகளிடம் கேட்கலாமே என்றேன். அவர்கள் வருவார்கள், போவார்கள், அவர்கள் கையெழுத்துக்கு எடை கிடையாது என்றார்.

எட்டாவது கையெழுத்து அவர் மனைவியுடையது. அதற்காக வீட்டுக்குத் திரும்பினோம்.

அந்த அம்மாவைப் பற்றி இதுவரை சொல்லாததற்கு மன்னிக்கவேண்டும். அவர் வீட்டிலும் கடைசியில்தான் அவர் முறை வரும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தாமலே எதிராளியை வரிசையில் நிற்க வைக்கும் குரல். அந்த வீட்டுக்குத் தெருவிலிருந்து பதினோரு படி. வெள்ளம் வந்தாலும் உள்ளே வராது என்று நாலாவது வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துக் கட்டிய படிகள். வெள்ளம் ஒருமுறையும் வரவில்லை. ஆனால் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டதால், பதினாலு மாதமாக அவர் ஆஸ்பத்திரிக்குத் தவிர அந்தப் படிகளில் இறங்கவில்லை. அதனால் அவர் உலகத்தைப் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். உலகம் படியேறி அவரிடம் வந்துகொண்டிருந்தது. நர்ஸ் வருவாள். கொத்தனார் ஒருவரின் மனைவி கைக்குழந்தையோடு வந்து வேறு பாஷையில் அழுவாள், அம்மா இந்தப் பாஷையில் ஆறுதல் சொல்வார், இருவருக்கும் புரிந்துவிடும்.

அம்மா கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"இதுல ஒரு தப்பு இருக்குங்க."

எங்கே என்று குனிந்தார் அவர். எழுத்துப் பிழை என்று நினைத்துவிட்டார்.

"அமைதியா வாழ்ந்து வந்தோம்னு எழுதியிருக்கீங்க. நான் அமைதியா வாழல. பயந்துகிட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகு அந்த அம்மா சொன்னதை நான் சுருக்கித்தான் சொல்லமுடியும். ஆறு மணி டியூட்டிக்கு விடியும் முன்பே கிளம்பி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் இரண்டு மைல் நடந்து பெரிய சாலைக்குப் போனது. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கம்பு. எக்ஸ்சேஞ்சுக்குப் போனதும் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு, எட்டு மணி நேரம் ஊரிலுள்ளவர்களையெல்லாம் ஒருவரோடு ஒருவர் பேச வைத்துவிட்டு, பேச ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பி நடந்தது. முதல் வீட்டம்மாவுக்குக் காது கேட்காது. இரண்டாவது வீட்டம்மா வாய் திறந்தால் புருஷனுக்குப் பிடிக்காது. மூன்றாவது வீட்டில் வாத்தியார் மனைவி செடிகளோடு மட்டும்தான் பேசுவார். மகனுக்கு ஒருமுறை மூச்சுத் திணறல் வந்து, வண்டி கிடைக்காமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது. அன்றைக்கு நீங்க சனிக்கிழமை மனு கொடுக்கப் போயிருந்தீங்க என்றார், குற்றம் சாட்டும் குரலில் அல்ல, தேதி சொல்லும் குரலில்.

"நீங்க சொல்ற அந்த அமைதி இருக்கே, அது நீங்க ஆபீஸ் போனப்புறம் இந்த வீட்டுல இருந்தது. எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு."

நாலாவது வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். இது குடும்பத்துக்குள் பேசவேண்டியது, மனு ஊர் சம்பந்தப்பட்டது என்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தார். அம்மா அதற்குள் தலையணைக்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். பில்டருடைய வரைபடம். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது நர்ஸோடு பில்டர் ஆபீஸுக்கே போய் வாங்கி வந்திருக்கிறார். பில்டருக்கு மூன்றாவது மனையே போதும்; ஆனால் நாலாவதும் சேர்ந்தால் கட்டடம் இன்னும் வசதியாக வரும், இவர்களுக்கு இரண்டாவது மாடியில் ஒரு வீடு என்று சொல்லியிருக்கிறார்கள். லிஃப்ட் கதவிலிருந்து வீட்டு வாசல் ஒன்பது அடி என்று அம்மா விரலால் காட்டினார். நடுவில் படி கிடையாது.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் எழுந்து கிளம்பப் பார்த்தேன். உட்காரு தம்பி என்றார் அம்மா. உட்கார்ந்தேன்.

"என் வீட்டை இடிக்கறதுக்கு என்கிட்டயே படம் காட்டறியா?" என்றார் அவர்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மனை டெலிபோன்காரங்க சொசைட்டியில கொடுத்தது. பத்திரம் யார் பேர்ல இருக்குன்னு இந்த நாற்பத்தோரு வருஷத்துல நான் ஒரு தடவையாவது சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. நாலாவது வீட்டுக்காரர் என்று ஊர் முழுக்கப் பேர் வாங்கியவர், சட்டப்படி நாலாவது வீட்டுக்காரியின் புருஷன். எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. அந்த மனிதர் சட்டென்று சுவரைப் பார்த்தார். தன் வீட்டுச் சுவரைப் பார்க்கிறவர் போல இல்லை, வாடகைக்கு வந்தவர் ஆணி அடிக்கலாமா என்று பார்ப்பதுபோல இருந்தது.

இருந்தாலும் மனுவைக் கைவிடவில்லை. முன்வந்தவர்கள் பின்வாங்குவதில்லை. ஏழு கையெழுத்தோடு அதைக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து நகராட்சியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்த மூன்று வாரமும் வீட்டில் பேச்சுவார்த்தை உப்பு, மருந்து, கதவைச் சாத்து என்ற அளவில் நடந்ததாக நர்ஸ் சொன்னாள்.

விசாரணைக்கு நானும் போனேன். திட்டப் பிரிவு என்பது மாடியில் ஒரு அறை. நாடா கட்டிய கோப்புகள் அலமாரியை நிரப்பிவிட்டு நாற்காலிகளிலும் உட்கார்ந்திருந்தன. அதிகாரி ஒரு பெண்; நம்மவருடைய மகனைவிட வயதில் சின்னவள். நாலாவது வீட்டுக்காரர் வணக்கம் சொல்லிவிட்டு வழக்கம்போல, "நீங்க இந்த ஆபீஸுக்கு எந்த வருஷம் வந்தீங்க?" என்றார். ஆறு மாதமாகிறது என்றாள் அந்தப் பெண். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்: பார்த்தாயா, இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லைதான். அதனால்தான் எல்லாக் கோப்பையும் அடியிலிருந்து படிக்கும் பழக்கம் வைத்திருந்தாள். எங்கள் தெருவின் சர்வே எண்ணுள்ள கோப்பைத் திறந்து, ஆட்சேபணை எழுந்தால் பழைய ஆட்சேபணைகளையும் பார்ப்பது முறை, இந்த இடத்துக்கு இதற்கு முன்பும் ஒரு ஆட்சேபணை வந்திருக்கிறது என்றாள். எப்போது என்று கேட்டார் அவர். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால். இருக்க முடியாது, அப்போது அங்கே யாருமே கிடையாது என்றார். அவள் மறுத்துப் பேசவில்லை. பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து வாசித்தாள்.

செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள் யாரையோ பிடித்து எழுதி வாங்கிக் கொடுத்த மனு அது. பல காலமாக நாங்கள் இந்த இடத்தில் குடிசை போட்டு அமைதியாக வாழ்ந்து வருகிறோம். இங்கே மனை போட்டு வெளியாட்களைக் கொண்டுவந்து குடியேற்றினால் எங்கள் குட்டைத் தண்ணீரும் போக வர வழியும் போய்விடும் என்று இருந்தது. அடியில் கையெழுத்து இல்லை. இருபத்தொன்பது கைநாட்டு. தாளின் ஓரத்தில் அந்தக் காலத்து அதிகாரி ஒருவர் சிவப்பு மையில் குறித்திருந்தார்: ‘நேரில் பார்வையிடப்பட்டது. காலி இடம். ஒன்றும் இல்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.’

அந்தப் பெண் கிண்டலாக வாசிக்கவில்லை. வாசிக்கவேண்டியதை வாசித்தாள்.

அவர் தாளைக் கையில் வாங்கினார். வாழ்நாளெல்லாம் கள்ள எடைக்கல்லைப் பிடித்த கை அது. பத்து வருஷம் ஒரே கடையில் ஏமாறாமல் சோதித்துவிட்டு, கடைசியில் தன் பையிலிருந்த கல்லே குறைவு என்று தெரிந்தவர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். கைநாட்டுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். "இவங்கள்லாம் எங்க போனாங்கம்மா?" என்று கேட்டார்.

"கோப்புல அது இருக்காது சார்."

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ள நடைமுறை என்ன என்று விசாரித்தார். எழுதித் தரவேண்டும் என்றாள். எழுதினார். ‘ஆதிமுதல்’ என்ற சொல் தவறாகச் சேர்க்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரி கூடுதலாக எழுதித் தேதி போட்டார்.

ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் திரும்பினோம். உட்கார இடமில்லை. நாலு நிறுத்தம் தாண்டியது. பிறகு கம்பியைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "முதல் மாசம் எங்களுக்குத் தண்ணி கொடுத்தது அவங்கதான். குடத்தோட வந்து வாசல்ல வச்சுட்டுப் போவாங்க. எப்படி மறந்தேன்னு தெரியல." அப்புறம் உதடு எதையோ கூட்டியது. "பதினேழும் இருபத்தொன்பதும், நாற்பத்தாறு" என்றார். "இத்தனை வருஷமா ஊருக்குத் தப்புக் கணக்கு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

அன்று மாலை அவர் பதினோரு படி ஏறி உள்ளே போனதும் நடந்தது நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரத்த அழுத்தம் பார்க்க அவள் அப்போது அங்கே இருந்தாள். நகராட்சியில் நடந்தது எதையும் அவர் சொல்லவில்லையாம். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மனைவியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வரைபடத்தைக் கேட்டு வாங்கி, தலைகீழாகப் பிடித்து, நேராகத் திருப்பி, வெகுநேரம் பார்த்தாராம்.

"இந்த லிஃப்ட் எத்தனை கிலோ தாங்குமாம்?"

"நானூத்தி எட்டு. ஆறு பேர். நான் அப்பவே கேட்டுட்டேன்."

அன்றைக்கு ரத்த அழுத்தம் இரண்டு பேருக்கும் சரியாக இருந்ததாம்.

வீடு இடிந்தது. படிகளை உடைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது என்று கொத்தனார் சொன்னார். அவ்வளவு பலமாகக் கட்டியிருந்தாராம். நாலாவது வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. சிமெண்டுக் கலவை விகிதம் சரியாகத்தான் போட்டிருந்தேன் என்று மட்டும் சொன்னார். ஒன்றரை வருஷம் மூன்றாவது தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். கட்டடம் எழும்பியது. என் துணிகள் காயவில்லை.

இவ்வளவும் நடந்தபின் அவர் திருந்திவிட்டாரா? இதைத்தானே கேட்கப்போகிறீர்கள்? இந்த இனத்தைப் பற்றி நான் இவ்வளவு சொல்லியும் நீங்கள் புரிந்துகொள்ளவில்லை.

கட்டடம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. லிஃப்டுக்கு மின்சார இணைப்பு வரவில்லை. தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. சாவியை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஒரு மடக்குக் கட்டிலோடும் ஒரு வாளியோடும் அவர் தனியாகக் குடிபோய்விட்டார். அந்தப் பத்து நாளும் அம்மா விடுதியில் நர்சுகளோடு தங்கினார்; இன்னும் பத்து நாள் கூடினாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பதினொன்றாம் நாள் லிஃப்ட் ஓடியது. ஒவ்வொரு குடும்பமாக வரத் தொடங்கியது. அட்டை தொங்கும் கழுத்தோடு ஒரு இளைஞன், மனைவி, ஒரு கைக்குழந்தை, மூன்று பெட்டி. நாலாவது வீட்டுக்காரர் லிஃப்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"நாங்க வந்தப்போ இந்தக் கட்டடத்துல லிஃப்ட்டே ஓடல" என்றார். பிறகு ஒரு வினாடி யோசித்தார். "கொத்தனாருங்க எட்டு பேர் இருந்தாங்க. அவங்கதான் எனக்குத் தண்ணி தூக்கிட்டு வந்து கொடுத்தாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

எடை சரியாக இருக்கவேண்டும் அல்லவா? அந்த அளவுக்கு மாறியிருக்கிறார். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பன்னிரண்டு குடும்பத்தையும் லிஃப்டுக்கு முன், லிஃப்டுக்குப் பின் என்று பிரித்தாகிவிட்டது. லிஃப்டுக்கு முன் அவர் ஒருவர்தான். அம்மாகூட லிஃப்டுக்குப் பின்தான். அந்த அம்மா தினமும் ஐந்து மணிக்குக் கீழே இறங்கி வந்து, வண்டி நிறுத்தும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, பன்னிரண்டு குடும்பத்தையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவருக்கு வருஷம் ஞாபகம் இருப்பதில்லை.

நல்லவேளை நாம் இப்படி இல்லை என்று நினைத்துப் புன்னகைக்கிறீர்கள். தெரிகிறது. நீங்கள் யாரையும் எந்த வருஷம் வந்தீர்கள் என்று கேட்பதில்லை; சரி. ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில், நீங்கள் உங்கள் தெருவுக்கு வந்த வருஷத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தீர்களா இல்லையா? அடுத்த வீட்டுக்காரர் அதற்கு முன்பா பின்பா என்று கணக்குப் போட்டீர்களா இல்லையா? பின்னால் என்று தெரிந்ததும் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்ததே, அதுதான் அறிகுறி. ஆரம்ப நிலையில் வலி இருக்காது.

என்னை எடுத்துக்கொள்ளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. புதுக் குடித்தனம். கணவனும் மனைவியும் ஒரு பீரோவை இறக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். போய் ஒரு கை கொடுத்திருக்கலாம். நான் ஜன்னல் திரையை விரற்கடை அளவு விலக்கிக்கொண்டு, எத்தனை கட்டில் இறங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று எண்ணியபோது தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். எதிர் வரிசையில் ஏழு வீட்டுத் திரைகள் விரற்கடை அளவு விலகியிருந்தன.

அதில் உங்களுடையது எது?